சித்தப்பா பார்த்துவந்த பனிமலை

மேற்கு ஜெர்மனியில் சூளை வேலை பழகிவிட்டு வந்த சித்தப்பா, சூளையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் ஒரு மலையைப் பற்றித்தான்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. கல்யாணமான கையோடு ஆலைக்காரர்கள் அவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வாழ வந்த சித்தி, புருஷன் இல்லாத வீட்டில் எங்களோடு ஒரு வருஷம் இருந்தாள்.

அவர் திரும்பி வந்ததும் மாலைதோறும் எங்கள் கூடம் நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். பயிற்சி முடிந்த வாரம் அங்கிருந்தவர்கள் அவரைப் பனிச்சறுக்கு மலைக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அந்த மலையே ஓர் ஊர் என்றார். அடிவாரத்தில் ஓட்டல்கள், கடைகள், ஈர பூட்ஸைக் காயவைப்பதற்கென்றே சூடான ஓர் அறை. கம்பியில் தொங்கும் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக உச்சிக்குப் போய்க்கொண்டே இருக்குமாம்.

"அது நமக்காக நிக்காது. பின்னாடி வந்து முட்டிய தட்டும். டக்குன்னு ஒக்காந்துடணும்."

உச்சியில் பாதைகள் பிரிவதை எங்கள் ஊர் ஜங்ஷனை வைத்தே விளக்கினார். சேலத்துக்கும் கடலூருக்கும் லைன் பிரிகிற மாதிரி அங்கே சறுக்குப் பாதைகள் பிரியும். நீலக் கம்பம் நட்ட பாதை கற்றுக்கொள்பவர்களுக்கு, சிவப்பு தேறியவர்களுக்கு, கறுப்பு உயிருக்குத் துணிந்தவர்களுக்கு. விழுந்து காலை முறித்துக்கொண்டால் அள்ளிப்போட்டுக்கொண்டு வர ஆட்கள் சறுக்கு வண்டியோடு காத்திருப்பார்கள். முதல் பாடமே எப்படி விழுவது என்பதுதானாம். அந்தப் பாடத்தில் தான் முதல் மாணவன் என்று அவர் சொன்னபோது அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை கேட்டாள்: "பொம்பளைங்களும் சறுக்குவாங்களா?"

"நல்லா கேட்ட! தலை நரைச்ச ஒரு அம்மா என்னை இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போனாங்க."

கேட்டுக் கேட்டுப் பொறுமையிழந்த பிள்ளைகள் நாங்கள், செய்து காட்டச் சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஆலையின் வெள்ளைக் களிமண் மலைபோலக் குவிந்து கிடந்தது. முந்தின நாள் மழையில் நனைந்து வழுவழுவென்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமே அங்கே திரண்டது. சித்தப்பா உச்சியில் நின்று, முழங்காலை எப்படி மடக்க வேண்டும், உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நீண்ட உரை நிகழ்த்தினார். உரை முடிவதற்குள் கால் வழுக்கி, மல்லாந்தபடி கீழே வந்து சேர்ந்தார்.

நாங்கள் கைதட்டினோம். ஆனால் அடுத்து ஏற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதுவரை வீரம் பேசிய அண்ணன், புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்றான்.

அப்போதுதான் சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிடந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். வெறுங்கால் மண்ணில் புதைந்து புதைந்து வந்தது.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? எறங்கு, எறங்கு," என்றார் அப்பா.

அவர் சொல்லை அதற்குமுன் அவள் மீறி நடந்ததே இல்லை. அன்று காதில் விழாததுபோல் மேலே போனாள். உச்சியில் மட்டையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கீழே பார்த்தாள். பிறகு காலால் ஓர் உந்து. மட்டை சீறிக்கொண்டு இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி விழவில்லை. அடிவாரத்தையும் தாண்டி வெகுதூரம் போய் நின்று எழுந்தாள். இடுப்புவரை வெள்ளை மண். மூச்சு வாங்க, சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"பயமா இல்லைங்க. போலாம்."

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்கிறாளாக்கும் என்று நினைத்து, என் முறை வரவில்லையே என்று நான் அழ ஆரம்பித்தேன்.

தை மாதம் இருவரும் மெட்ராஸுக்கு ரயிலேறி, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனார்கள். குடும்பத்தோடு வந்து வேலையில் சேரும்படி அங்கிருந்தவர்கள் சித்தப்பாவைக் கேட்டிருந்ததும், அந்தப் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்று அப்பா சொன்னதும், அவள் வருவேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் இருந்ததும், நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த மாலைகளிலெல்லாம் சித்தப்பா எங்களுக்குத்தான் கதை சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.