மெர்வின் காது

ஆப்பிள் துண்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு, பழம் உலர்த்தும் பெட்டிக்குள் ஒலிநாடாச் சுருளை வைக்கிறார் மெர்வ் டக்கன். ஐம்பது வருடம் கிடந்த நாடா பிசுபிசுத்துப் போயிருக்கும். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் இருந்தால்தான் ஒட்டாமல் ஓடும்.

"ஆப்பிள் நாளைக்குக் காயும் நோலீன். இது காயலேன்னா ஒரு மனுஷனோட பாட்டே போச்சு."

"அந்தாளோட இசைத்தட்ட நீ போட்ட அன்னிக்கு நம்ம நாயே கொல்லைக்கு ஓடிப்போச்சு. நீ காய வை ராசா" என்கிறார் மனைவி.

ஜீலாங் ஊரில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைதான் மெர்வின் கம்பெனி. எழுபதுகளில் வந்து எவரும் சீண்டாமல் போன ராக் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து, ஐந்நூறு பிரதி மறுபடி அச்சிடுவார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். முப்பது வருடம் ஆலையில் மோட்டார் பழுது பார்த்தவர். "படிச்சவன் மீட்டரப் பாப்பான். நான் காத வைப்பேன்" என்பார். வெறும் ஜம்பமில்லை, உண்மைதான்.

இந்த நாடா வெண்டல் ப்ரூயிட்டுடையது. போருக்குப் போக மறுத்து அமெரிக்காவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். எழுபத்திரண்டில் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். தட்டாக வந்தபோது குரல் கோழிக்குஞ்சாய்க் கீச்சிட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள். நீ அனுப்பியதைத்தான் போட்டோம் என்றது கம்பெனி. அன்றோடு பாட்டை விட்டவர், பல்லாரட் ஊரில் வேலி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். மறுபதிப்புக்கு மெர்வ் மூன்று முறை கேட்டும் சம்மதிக்கவில்லை. "ஒரு தடவ சிரிச்சது போதும்பா. நாடாவ வேணா எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடு."

காய்ந்த நாடாவை ஓட்டிக் கேட்டார் மெர்வ். பாட்டுக்கு அடியில் மெல்லிய மின்சார இரைச்சல். இந்த நாட்டு மின்சாரத்தின் சுருதி அவருக்கு அத்துபடி. இது அதைவிட மேலே நின்றது. அப்படியென்றால் நாடா வேகமாக ஓடுகிறது. உடனே வெண்டலுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எந்த மெஷின்ல பதிஞ்சீங்க?"

"ஊர்லேருந்து கொண்டாந்தது."

வேறென்ன வேண்டும்? அமெரிக்க மோட்டார் இங்கத்திய மின்சாரத்தில் மெதுவாகத்தான் சுற்றும். மெதுவாகப் பதிந்த பாட்டு வெண்டலின் மெஷினில் சரியாகக் கேட்டது. சரியான வேகத்தில் சுற்றும் கம்பெனி மெஷினில் தலைதெறிக்க ஓடியது. ஐம்பது வருடமாக ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

வேகத்தைச் சரிசெய்து, மறுநாளே பல்லாரட் போனார் மெர்வ்.

"நாலாவது தடவையா? உனக்கு வெக்கமே கிடையாதா?"

"ஒரே பாட்டுண்ணே. பிடிக்கலேன்னா நாடாவ நானே அடுப்புல போடுறேன்."

மெர்வ் கொண்டுபோன பாட்டுப்பெட்டியிலிருந்து கனத்த, சற்றுக் கரகரத்த இளைஞன் குரல் சமையலறையை நிறைத்தது. கெட்டிலும் கையுமாக நின்றபடியே கேட்டார் வெண்டல். முதல் சரணம் முடிந்தது.

"இதுதான்யா என் குரல்" என்றார். பிறகு, "சரி, அச்சுக்குக் குடு."

இரண்டாம் சரணத்தில், எழுபத்தொன்பது வயதுக் குரல் ஒன்று மெல்ல அதோடு சேர்ந்துகொண்டது.

மெர்வ் கையை நீட்டி, பாட்டுப்பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.