வளையம் யார் கையில்

எனக்கு ஏழு வயதானபோது எங்கள் வீட்டில் தமிழ் பேசத் தடை போட்டேன். சட்டம் போட்டதும் நான், போலீஸும் நான். குற்றவாளி ஒரே ஆள்தான், என் அம்மா.

யோசனை என்னுடையதல்ல. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பாஸ்க் குடும்பம் இருந்தது. ஸ்பெயினும் பிரான்சும் சேருகிற மலைப்பக்கத்து மக்கள், தங்களுக்கென்று தனி மொழி உள்ளவர்கள். அந்த வீட்டுப் பெண் என் வகுப்புத்தோழி. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவளுடைய தாத்தா தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். ஸ்பெயினில் சண்டை முடிந்து சர்வாதிகாரி ஆண்ட காலம். வகுப்பில் பாஸ்க் மொழி பேசியவன் விரலில் வாத்தியார் ஒரு வளையத்தை மாட்டுவாராம். அடுத்து வாய்தவறிப் பேசுகிறவனைக் காட்டிக்கொடுத்தால் அது அவன் விரலுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை யாரிடம் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. பிறகு அவர் அமெரிக்கா வந்து மலையில் ஆடு மேய்த்தாராம். ஆடுகள் யாரையும் காட்டிக்கொடுக்காது என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பழைய திரைச்சீலையிலிருந்து ஒரு பித்தளை வளையத்தைக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஐஸ்கிரீம் கிடையாது. ஈரோட்டிலிருந்து நாங்கள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அம்மா உடனே ஒப்புக்கொண்டாள்.

"நல்லதுதான் கண்ணு, எனக்கும் இங்கிலீஷ் வந்துருமில்ல?" என்றாள். அந்தப் பேச்சுக்கே வளையம் அவள் கட்டைவிரலில் ஏறிவிட்டது.

ஏறியது இறங்கவில்லை. நான் தமிழில் பேசினால்தானே அவள் என்னைப் பிடிக்க முடியும்? பள்ளிக்கூட வாசலில் அவள் "வா சாமி" என்று கூப்பிட்டதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்த நாளிலிருந்தே நான் இங்கிலீஷில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வெள்ளிக்கிழமை அவள் பங்கு ஐஸ்கிரீமையும் நானே தின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது ருசியாகத்தான் இருந்தது.

நான்காவது வாரம் மனமிரங்கி ஒரு சலுகை கொடுத்தேன். ஒருநாள் முழுக்கத் தமிழ் பேசாமலிருந்தால் வளையம் கழன்றுவிடும். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கும்போது சித்தியோடு போட்ட சண்டையைச் சொல்கிறவள், குக்கர் விசிலோடுகூடப் பேசுகிறவள், வாயை இறுக மூடிக்கொண்டாள். ஈட், கம், ஸ்லீப் என்று மூன்றே சொல்லில் குடித்தனம் நடந்தது. ஆட்டத்தில் சேராத அப்பா ஆபீஸிலிருந்து வந்து, "யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கோ அம்மா தேறிவிட்டாள் என்று பெருமை.

முதல் மூன்று நாளும் எங்காவது வாய்தவறிவிட்டது. வியாழக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு தமிழ்ச்சொல்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அப்போதுதான் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். என்னை அறியாமல் "அம்மா" என்று அலறினேன்.

இரண்டு பேர் ஓடிவந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து என் அம்மா, எதிர்வீட்டிலிருந்து ஈரக்கையோடு தோழியின் அம்மா. பாஸ்க் மொழியில் தாய்க்கு 'அமா' என்று பெயர். ஒரு 'ம்' குறைவு, அவ்வளவுதான். தன் பெண்தான் விழுந்துவிட்டாள் என்று ஆன்ட்டி நினைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற தோழிக்கு எங்கள் வீட்டு ஆட்டம் தெரியும், ரத்தத்தையெல்லாம் அவள் பார்க்கவில்லை. நான் தமிழ் பேசிவிட்டேன், வளையம் இனி என் விரலுக்குத்தான் வரவேண்டும் என்று குதித்தாள். அம்மா சட்டென்று கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டாள்.

"நோ, நோ. ஐ டாக். ஷீ நோ டாக்."

ஆன்ட்டி மகளைப் பார்த்து என்ன வளையம் என்று கேட்டார். தாத்தா சொன்ன விளையாட்டு என்று அவள் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. அம்மாவின் கையைப் பிரித்து வளையத்தை உருவினார். கட்டைவிரலைச் சுற்றிப் பச்சையாகக் கறை படிந்திருந்தது. அதைத் தன் ஈரக்கையால் தேய்த்தார், போகவில்லை. வளையத்தைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு அம்மாவிடம் பாஸ்க் மொழியில் படபடவென்று பேச ஆரம்பித்தார். அம்மா கொஞ்ச நேரம் முழித்தாள். பிறகு அவளும் தமிழில் பேசத் தொடங்கினாள். அந்த வாரப் பேச்சு முழுக்கப் பாக்கியிருந்ததல்லவா? என் முழங்காலுக்கு மருந்து போட்டபடி, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே, இருட்டும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள்.

ஆன்ட்டி வளையத்தைத் திருப்பித் தரவில்லை, எங்கள் வீட்டுத் தடையும் அதோடு போயிற்று. மறுநாள் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து முதலில் அம்மாவுக்குத்தான் கொடுத்தார். இன்று நான் போனில் அம்மாவோடு சண்டை போடுவதுகூடத் தமிழில்தான் என்றால் அது அவர் புண்ணியம். அவருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

அம்மாவுக்கும்தான் சொல்லவில்லை. என்னைப் பிடித்துக்கொடுக்க அவளுக்கு வாய்த்தது அந்த ஒரே சந்தர்ப்பம். அதையும் விட்டுவிட்டாளே, இவளுக்கு ஆடவே தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.