புளி உருண்டையும் பம்பரமும்

ஹவுராவில் குடியிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் ஜகதாம்பாளுக்கு ஒரு பெயர் உண்டு: "சும்மா இருக்கமாட்டாள்." பாராட்டாகச் சொன்னார்களா, பழியாகச் சொன்னார்களா என்று கேட்காதீர்கள்; இரண்டும்தான். அரிவாள்மணை ஆடினால் ஊரில் மற்றவர்கள் காலை அழுத்தி வைத்துக்கொண்டு நறுக்குவார்கள். இவள் நறுக்குகிற காயை அப்படியே போட்டுவிட்டு, ஏன் ஆடுகிறது என்று மணையைக் கவிழ்த்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவாள்.

தினம் காலையில் காப்பி ஆனதும், முந்தின நாள் தன்னை எரிச்சல்படுத்திய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வாள். அதற்கு மூன்று வழி யோசிக்காமல் எழுந்திருக்கமாட்டாள். மூன்றில் இரண்டு உருப்படாது. உருப்படாததையும் விடமாட்டாள், எதனால் கெட்டது என்று அடுக்களைச் சுவரில் கரியால் ஒரு படம் போட்டு வைப்பாள். படிப்பு அவளுக்கு அவ்வளவாகக் கிடையாது. வீட்டுக்காரன் வாடகைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து முகம் சுளிப்பான்.

அவள் புருஷன் பட்டாபிராமன் தினமும் படகுப் பாலத்தில் நடந்து, கங்கையைத் தாண்டிப் போய், ஒரு வெள்ளைக்காரச் சணல் கம்பெனியில் கடிதம் பெயர்த்தெழுதும் குமாஸ்தாவாக இருந்தார். மனிதருக்கு வேறு சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஆனால் கையெழுத்து! அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். சீமைக்குப் போகிற கடிதமென்றால் துரை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

அந்தக் கைதான் 1912-ஆம் வருஷம் கோடையில் மக்கர் பண்ணியது. பேனாவை எடுத்து நாலு வரி எழுதுவதற்குள் கட்டைவிரல் உள்ளே மடங்கும், மற்ற விரல்கள் விறைக்கும், மணிக்கட்டு வரை சுண்டி இழுக்கும். எண்ணெய் தடவினார், ஒத்தடம் கொடுத்தார், வைத்தியரிடம் கஷாயம் வாங்கிக் குடித்தார். உப்புப் பெறாத வைத்தியமெல்லாம் செய்தும் கை கேட்கவில்லை; அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது. எழுத்துக் குமாஸ்தாவுக்குக் கை போனால் உத்தியோகம் போயிற்று. பெண்டாட்டியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எந்த முகத்தோடு ரயிலேறுவது?

"இடது கையால எழுதிப் பாருங்கோளேன்" என்றாள் ஜகதாம்பாள்.

பட்டாபிராமன் காதைப் பொத்திக்கொண்டார். "என்ன அபசாரம்டீ! சரஸ்வதியை இடது கையால தொடறதா? போறாத காலம் போறாதுன்னு அந்தப் பாவம் வேறயா?"

"சரி, விடுங்கோ. வேற பாப்போம்."

பார்த்தாள். இரண்டு நாள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் பூஜையில் மணி அடித்தார், கை இழுக்கவில்லை. செம்பைத் தூக்கினார், ஒன்றுமில்லை. மெல்லிய பேனாவை மூன்று விரலால் கிள்ளிப் பிடித்தால்தான் இழுப்பு வந்தது. "கிள்ளப்படாது, முழுக் கையால பிடிக்கணும். பேனாவுக்குத் தடியா ஒரு பிடி வேணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிடிக்கு என்ன செய்வது? கைக்கு அளவாக உருட்ட வரவேண்டும், காய்ந்தால் இறுகவேண்டும். அவள் கண்ணில் பட்டது, ஊரிலிருந்து வந்த உப்புப் போட்ட பழம்புளி. அவர் உள்ளங்கைக்குப் பொருத்தமாக ஓர் உருண்டை பிடித்து, நடுவில் பேனாவைச் செருகி, மழை விட்ட நேரமாகப் பார்த்து மூன்று நாள் வெயிலில் வைத்தாள். கல்லாக இறுகிற்று. தஞ்சாவூர்க்காரிக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். தஞ்சாவூர்க்காரிதான் இப்படி ஏமாறவும் முடியும். நம் ஊர் வெயிலில் காய்ந்த புளி காய்ந்ததுதான். கல்கத்தா மழைக்காலத்தில் உப்பும் புளியும் ஒரு நிமிஷம் சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை ஆபீசில் புளி வியர்த்தது. பிசுபிசுவென்று பழுப்பு நீர் வழிந்து, சீமைக்குப் போக வேண்டிய கடிதத்தில் மையோடு கலந்து ஓடியது. போதாக்குறைக்கு மேஜைக்கால் வழியாக எறும்புகள் வரிசை கட்டி வந்துவிட்டன. தலைமைக் குமாஸ்தா ஹரிசரண் பாபு, எல்லோருக்கும் அவர் பெரிய பாபு, சத்தம் போட்டார். சத்தம் கேட்டுத் துரை வந்தார். எறும்பைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், உருண்டை கரைந்ததும் பழையபடி மடங்கிவிட்ட பட்டாபிராமனின் விரலையும் பார்த்துவிட்டார். "திங்கட்கிழமை காலை என் முன்னால் இரண்டு பக்கம் எழுதவேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டாபிராமன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பேனாவை முற்றத்தில் வீசினார். "உன் மூளையை அடுப்பில போடு! சிவனேன்னு இருந்திருந்தா இன்னும் ரெண்டு மாசமாவது ஓட்டியிருப்பேன். கெடுத்தியே, குடியைக் கெடுத்தியே!"

ஜகதாம்பாள் அழுதாள். பொலபொலவென்று அழுதாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்துவந்து, "அது கரையறதுக்கு முன்னாடி எவ்வளவு நாழி எழுதினேள்?" என்றாள்.

"அரைமணி இருக்கும். இப்ப அது எதுக்கு?"

"அந்த அரைமணி கை வலிச்சுதா?"

பட்டாபிராமன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். கோபத்தில் அது அவருக்கு உறைக்கவே இல்லை. அரைமணி நேரம் கை வலிக்கவில்லை!

"புளிதான் கெட்டது. யோசனை கெடலை" என்று சொல்லிவிட்டு அவள் கரித்துண்டைத் தேடிப் போனாள். பட்டாபிராமனுக்கு வெட்கமாகிவிட்டது. எறும்பைப் பார்த்துக் குதித்த தனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று நினைத்தார்.

மறுநாள் ரத யாத்திரைச் சந்தை. சகதியில் மிதித்துக்கொண்டு இருவரும் போனார்கள். மரச்சாமான் கடையில் கரண்டிப் பிடி, மத்து, பூரிக் கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து, அவர் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். கடைக்காரன் பொறுமை இழக்கிற நேரத்தில் ஒரு பம்பரம் அகப்பட்டது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் கச்சிதமாக அடங்கிற்று. மூன்று பம்பரம் வாங்கினாள். ஆணியைப் பிடுங்கிவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பேனா செருகத் துளை போட்டாள். முதல் பம்பரம் பிளந்தது. இரண்டாவதில் துளை நேராகப் போய்விட, பேனா குத்திட்டு நின்று காகிதத்தைக் கிழித்தது. மூன்றாவதில் துளையைச் சாய்த்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் எழுதிப் பழகினார்.

திங்கட்கிழமை, துரையின் அறை. "பம்பரமா? இது ஆபீசா, விளையாட்டுத் திடலா?" என்று பெரிய பாபு சிரித்தார். பட்டாபிராமன் எழுத ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி குழந்தை எழுத்து மாதிரி பெரிதாக விழுந்தது. போயிற்று என்று நினைத்தார். மூன்றாவது வரியில் தோள் இறங்கிற்று, கை ஓட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் முடிந்து கடைசிப் புள்ளி வைத்தபோது விரல்கள் விறைக்காமல் இருந்தன. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

துரை பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டிக்காரன்! நீயே கண்டுபிடித்தாயா?"

'ஆமாம்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. வந்தது என்பதை மறைப்பானேன், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கிற மனுஷன்தானே! ஆனால் வெள்ளிக்கிழமை தான் போட்ட கூச்சலும் கூடவே ஞாபகம் வந்தது.

"இல்லை, ஐயா. என் மனைவி."

துரை புருவத்தை உயர்த்தினார். "உன் வேலை உனக்குத்தான். அந்த அம்மாளிடம் சொல்" என்றார்.

வெளியே வந்ததும் பெரிய பாபு அவரைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வலது கையை நீட்டினார். கட்டைவிரல் மடங்கிக் கிடந்தது. "எட்டு வருஷமா இப்படி. யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க மனைவிகிட்ட எனக்கும் ஒண்ணு பண்ணித் தரச் சொல்வீங்களா?" சத்தம் போடுகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜகதாம்பாள் முதலில் சொன்னது: "அவர் உள்ளங்கை எவ்வளவு அகலம்? அளக்காம வந்துட்டேளா? நன்னாயிருக்கு போங்கோ!"

"ஜகதா, கொஞ்சம் இரு" என்றார் பட்டாபிராமன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாததைச் சொல்லப் பழக்கமில்லாமல் தடுமாறினார். "அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இந்தக் கை இன்னிக்கு எழுதறதுன்னா அது நீ போட்ட பிச்சை."

"சிவசிவா! என்ன பேச்சு இது?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்ட முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது. "நாளைக்குப் போறச்சே ஒரு நூல் எடுத்துண்டு போங்கோ. அவரைத் தவிர இன்னும் யாருக்கெல்லாம் வலின்னு கேளுங்கோ."

செவ்வாய்க்கிழமை பெரிய பாபுவைத் தவிர இன்னும் ஆறு பேர் கையை நீட்டினார்கள். அத்தனை வருஷம் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் வலியை மறைத்துக்கொண்டிருந்த கைகள். பட்டாபிராமன் நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கையாக அளந்தார். யாருடைய யோசனை என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்: "என் சம்சாரம். ஜகதாம்பாள் என்று பெயர்."