பேச்சுவார்த்தை இல்லாத மச்சினன்

அப்பா மாடக்கண்ணு போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். துக்கம் கேட்க வருகிறவர்கள் அழுகிறார்கள். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சிரித்துவிடுகிறார்கள். நானும்தான்.

பசுவந்தனையில் மக்காச்சோளமும் உளுந்தும் போட்டவர். அம்மாவின் தம்பி தங்கப்பாண்டி மாமாவிடம் டிராக்டர் உண்டு. ஒரு புரட்டாசி மழைக்கு மாமா ஊரார் நிலங்களை முதலில் உழுதார். மச்சான்தானே, பொறுத்துக்கொள்வார் என்று நினைத்துவிட்டார். எங்கள் முறை வருவதற்குள் ஈரம் காய்ந்து, அந்த வருட விதைப்பே போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. ஒரு பொங்கல் விடுமுறையில் அவர் போனில் அவசரத் தகவல் பதிந்தேன். பூட்டைத் திறக்காமலே யாரும் பார்க்கலாம், அதிலிருந்தே கூப்பிடலாம். ரத்த வகையையும் மாத்திரைகளையும் ஏற்றிவிட்டு, கூப்பிட வேண்டியவராக என் நம்பரைப் போட்டேன்.

"நீ சென்னையில இருக்கே. அங்கன இருந்து அழத்தான் முடியும். தங்கப்பாண்டி நம்பரைப் போடு" என்றார் அப்பா.

அம்மா திகைத்துப்போனாள். "அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் விழுந்து கெடக்கும்போது கண்ணு மூடித்தானே இருக்கும்?"

"உறவு என்னன்னு கேக்குதுப்பா" என்றேன்.

"மச்சினன். பேச்சுவார்த்தை கெடையாதுன்னும் சேத்துப் போடு." பிறகு சொன்னார்: "நான் செத்தா உங்கம்மைக்குக் கோடிச்சேலை எடுத்துட்டு அவன் வந்துதானே ஆகணும்? கொஞ்சம் முன்னாலயே வரட்டும்."

அவசரத்துக்கு வருகிறவர் அருகில் இருக்க வேண்டும், வண்டி வேண்டும், போனை எடுக்க வேண்டும். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. இந்த மூன்று சோதனையிலும் என் நம்பர் தேறவில்லை. மாமா நம்பரைப் போட்டேன்.

அடுத்த ஐப்பசி. மூன்று நாள் மழை விட்ட காலையில் அப்பா சோளக்காட்டில் மயங்கி விழுந்தார். பக்கத்துக் காட்டு ரேணுகாதேவி அக்கா ஓடிவந்து, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அப்பாவின் போனில் அவசரப் பொத்தானை அழுத்தினார். இருந்தது ஒரே பெயர்.

அப்பா நம்பரைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரே குஷி. "என்ன மச்சான், இப்பதான் ரோசம் தீந்துதாக்கும்?"

"அண்ணாச்சி, நான் ரேணுகா பேசுதேன். உங்க மச்சான் காட்டுல விழுந்து கெடக்காவ!"

ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஈரக் கரிசலில் அதன் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. மாமா டிராக்டரைத் தன் உளுந்துக்குள்ளேயே குறுக்கே ஓட்டிவந்தார். கூடவந்த இருவர் அப்பாவைத் தூக்கி டிரெய்லரில் கிடத்தினார்கள். வழியெல்லாம் மாமா திட்டிக்கொண்டே வந்தார்: "சீக்குக்காரருக்குச் சேத்துல என்ன சோலி?"

அப்பா கண் திறந்தார். "உழ வரச்சொன்னா வரமாட்டே. இதுக்கு மட்டும் வந்துட்டியோ?"

"சும்மா கெடையும். நமக்குத்தான் பேச்சுவார்த்தை இல்லைல்லா?"

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நோயாளி அதிகம் பேசக் கூடாது என்று நர்ஸ் மாமாவை வெளியே அனுப்பினார். மாமா சுற்றிப்போய் ஜன்னலுக்கு வந்தார்.

அதன்பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார். இரண்டு வருடமும் பேசினார்கள்.