ரத்மலானையில் இறங்கினேன்

எங்கள் ஊர் விமானம் கொழும்பில் எங்கே போய் இறங்குகிறது என்பது, அதில் ஏறி உட்காரும் வரை எனக்குத் தெரியாது. வாவிக்கு அப்பால் அது எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்தே தலை நரைத்தவன் நான். சண்டைக்காலத்தில் அந்த விமானப்படை வேலிப்பக்கம் திரும்பவே பயம். பிறகு அந்த ஓடுபாதையைச் சனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு சின்னக் கட்டடம், ஒரு கவுண்டர். ஒரு வான் வண்டியில் எத்தனை பேர் ஏறலாமோ, ஏறக்குறைய அத்தனை பேர்தான் விமானத்திலும்.

மகள் கட்டாருக்கு வேலைக்குப் போகிறாள். மனைவி முதல்நாளே அவளோடு பஸ்ஸில் போய்விட்டாள்.

"நீங்க குலுங்கிக் குலுங்கிப் போங்க. நான் பிளேனில வந்து உங்களுக்குப் பக்கத்தில இறங்குவன்" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

காலையில் பையை நிறுத்தார்கள். பிறகு என்னையும் தராசில் ஏறச் சொன்னார்கள். சின்ன விமானமாம், ஆளையும் நிறுக்கவேண்டுமாம். வயிற்றை உள்ளே இழுத்தபடி நின்றேன்.

"மூச்ச விடுங்க ஐயா, நிறை குறையாது" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

வாவிமேல் மழை இறங்கியது. விமானம் கிளம்பவில்லை. நான் இருந்தேன், எழும்பினேன், கண்ணாடியில் போய் நெற்றியை வைத்தேன், திரும்பவும் இருந்தேன். ஒருவழியாக ஏறி, வெளிச்ச வானத்துக்கு வந்த பிறகுதான் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய் திறந்தேன். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணர்.

"மகள் பின்னேரப் பிளேனுக்குப் போறா காக்கா. இறங்கினவுடன கண்டிடுவன்."

"வெளிநாட்டுப் பிளேன் போற கட்டுநாயக்காவிலயா? இது ரத்மலானைக்கல்லவா போகுது. இது கொழும்புக்குத் தெற்கால, கட்டுநாயக்கா வடக்கால. தெரியாமலா ஏறினீங்க?"

விமானியிடம் கொஞ்சம் வடக்கே திருப்பச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இறங்கி ஒரு கார் பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவந்தது.

"எங்க நிக்கிறீங்க அப்பா?" போனில் மகள்.

"வந்திட்டன் மகள்."

"எங்க?"

"வெள்ளவத்தை."

"இன்னும் கொழும்பையே தாண்டல்லையா?" என்று போனை வைத்தாள்.

கட்டுநாயக்காவில் மனைவி மட்டும் வாசலில் நின்றாள், கண் சிவந்திருந்தது. மகள் உள்ளே போய்விட்டாள். விமானம் ஏறுமுன் அவளே போன் எடுத்தாள். தராசுக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன்.

"அப்பா, அம்மா என்னை அனுப்ப வந்தவ. நீங்க பிளேன் ஏற வந்தனீங்க" என்றாள்.