இருபத்திரண்டு பதினாறான கதை

ஹைபிரிட் கார் வாங்கிய நாளிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்துத்தான் ஓட்டுகிறேன். இந்த வாரம்தான் மைலேஜ் இருபத்திரண்டைத் தொட்டது.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். மண்டபத்தில் புழுக்கம் தாங்காமல் மாமனார் சாவியை வாங்கிக்கொண்டு காருக்குப் போனார்.

பந்தி முடிந்து வந்து பார்த்தால், நான்கு கதவும் திறந்து கிடக்கின்றன. ஏசி ஓடுகிறது. அவருடைய தளவாய்புரத்துச் சொந்தங்கள் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். பேட்டரி தீர்ந்து என்ஜின் உறுமுகிறது.

மீட்டரில் மைலேஜ் பதினாறு.

"மாமா, பெட்ரோல் குடிக்குது!"

"நிக்கிற வண்டி எதுக்கு மாப்ள பெட்ரோல் குடிக்கப் போவுது? கரண்ட்ல ஓடும்னு நீங்கதான சொன்னீக?"

ராஜபாளையம் வரும்வரை இன்னும் மெதுவாக மிதித்து ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது மாமனார் சொன்னார்: "அடுத்த முகூர்த்தம் சேத்தூர்ல மாப்ள. அம்புட்டுப் பேரையும் நம்ம வண்டியிலயே வரச் சொல்லிட்டேன்."

ஹைபிரிட் வைத்திருப்பவர்களே, மாமனாரை ஏற்றிய பிறகு உங்கள் வண்டி எவ்வளவு தருகிறது?