மாமனாரின் முதுகுக் கட்டி

குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. கட்டி அகற்றுவது, தையல் போடுவது, வீங்கிய மூட்டில் ஊசி போடுவது எல்லாம் அதில் சேரும். அவள் பயின்ற காலத்தில் பெரிய டாக்டர் பாதியிலேயே கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் முடித்ததில்லை. வேலைக்குப் போன புதிதில், சின்னக் கட்டியோடு வந்தவர்களைக்கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பலர் போகவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கமாகிவிட்டது. கடையில் கோழிக்கால் வாங்கி, சமையலறையில் உட்கார்ந்து வெட்டித் தைத்துப் பழகினாள்.

"தையலப் பிரிச்சுட்டியாம்மா? சாப்பிடலாமா?" என்று மாமனார் தட்டோடு வந்து நிற்பார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் முதுகில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி வந்தபோது நேரே அவள் கிளினிக்குக்கு வந்து சட்டையைக் கழற்றினார்.

"நான் எடுக்கப்போறதில்ல மாமா. இவர்தான் எடுப்பாரு. நான் பக்கத்துலயே நிப்பேன். சரிதானே?"

அவள் கைகாட்டிய பயிற்சி டாக்டருக்கு முகம் வெளிறியது. ரப்பர் தோலில் பழகியிருந்தான், ஆள் மேல் கத்தி வைத்ததில்லை. "மேடம், உங்க வீட்டுப் பெரியவரு..."

"எனக்கு முதல்ல ஸ்டியரிங் கொடுத்தப்போ பஸ் நிறைய ஆளு தம்பி," என்றார் மாமனார், குப்புறப் படுத்தபடி. "இங்க நான் ஒருத்தன்தானே. நிதானமா ஓட்டுங்க."

மரத்துப்போக ஊசி போட்டுத் தோலைக் கீறினான். திடீரென ரத்தம் கசிந்து வெட்டிய இடமே மறைந்தது. அவன் கத்தியை அவளிடம் நீட்டினான். வாங்கினால் நொடியில் முடித்துவிடலாம். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கத்தியக் கீழ வைங்க. பஞ்சை வச்சு நல்லா அழுத்துங்க. அவசரமே இல்ல."

அழுத்தினான். ரத்தம் நின்றது. கத்தரி நுனியால் சுற்றிலும் மெல்ல விலக்கிக்கொண்டே போனான். கட்டி கிழியாமல், அதை மூடியிருந்த சவ்வுப் பையோடு முழுசாக வெளியே வந்தது. தையலும் அவனே போட்டான். கடைசி முடிச்சு மட்டும் கொஞ்சம் கோணல்.

மாமனார் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வெளியே போனார். காத்திருந்தவர்களிடம் அவர் சொல்வது உள்ளே கேட்டது: "என் மருமக விரல்கூட வைக்கல. அந்தப் புள்ளைதான் எடுத்துச்சு. அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கா."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. காட்டிக்கொள்ளாமல் திரும்பினாள்.

"அடுத்தவருக்குக் கால் நகம் உள்ள வளர்ந்து புண்ணாயிருக்கு. யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன் மேடம்," என்றான் அவன். ஏற்கெனவே கை கழுவத் தொடங்கியிருந்தான்.